படம் வந்ததும் நின்ற குரல்

வடிவம்மாளுக்கு இருபத்திரண்டு வயதில் பார்வை முழுதாகப் போயிற்று. ஒரே நாளில் போகவில்லை. பள்ளியில் படிக்கும்போதே பொழுது சாய்ந்தால் சாலையோரக் கால்வாயில் காலை விட்டுவிடுவாள். கவனக்குறைவு என்று வீட்டில் திட்டினார்கள். பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்ப்பதுபோல் ஆயிற்று. 1975இல் அந்தக் குழாயும் அடைபட்டது. மலேசியாவின் பினாங்குத் துறைமுகத்தில் வேலை செய்த அப்பா, பிறர் சொன்ன மருத்துவர்களிடமெல்லாம் கூட்டிக்கொண்டு போனார். இதற்கு மருந்தில்லை என்ற ஒரே பதிலைத்தான் எல்லாரும் சொன்னார்கள்.

ஒரு வருடம் வீட்டுக்குள் கிடந்தாள். அதற்குப் பிறகு பார்வையற்றோர் சங்கத்தில் யாரோ சொல்லி, தொலைபேசி இணைப்பாளர் பயிற்சிக்குப் போனாள். பினாங்கிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அங்கிருந்த பழைய இணைப்புப் பலகையில், எந்தத் தடத்தில் அழைப்பு வந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிறு முள் மேலெழும்பும். வடிவம்மாள் விரல் நுனியால் தடவிப் பார்த்து, செருகியை எடுத்துச் சரியான துளையில் செருகுவாள். மருத்துவர்களைக் குரலால் தெரியும். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே அவருக்குக் கோபமா, அவசரமா, சும்மாவா என்று தெரியும். வேலையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

குறை எழுத்தில்தான் இருந்தது. பிரெய்ல் புள்ளியெழுத்தில் எழுதினால் பார்வையுள்ளவர்கள் படிக்க முடியாது. தட்டச்சு இயந்திரத்தில் தட்டினால் மற்றவர்கள் படிக்கலாம், ஆனால் என்ன தட்டினோம் என்று அவளுக்கே தெரியாது. ஒருமுறை, பயிற்சியில் கூடப் படித்து, கல்யாணமாகிக் கோத்தா பாருவுக்குப் போய்விட்ட மலாய்த் தோழி ஆயிஷாவுக்கு நாலு பக்கம் நெருக்கித் தட்டி அனுப்பினாள். ஆயிஷாவின் கணவர் உறையைப் பிரித்துப் பார்த்தால் எழுத்தே இல்லை, தாளில் வெறும் பள்ளங்கள். நாடாவில் மை தீர்ந்துபோயிருந்தது. ஆயிஷா போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தாள். வடிவம்மாளும் சேர்ந்து சிரித்தாள். போனை வைத்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

அதனால்தான் 1992இல், பேசும் கணினி ஒன்று இருக்கிறது என்று சங்கத்தில் சொன்னபோது, அவள் இரண்டாவது முறை யோசிக்கவில்லை. சேமிப்பை எடுத்துக் கணினியை வாங்கினாள். பேசும் பெட்டியைச் சங்கம் வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கொடுத்தது. சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, உள்ளே ஓர் ஒலிபெருக்கி. கணினியில் ஓடியது 'டாஸ்'. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வேறொன்றும் இல்லை. திரையில் எந்த எழுத்து விழுந்தாலும் பெட்டி அதை வாசித்துவிடும். ஒரு வரி மேலே போனால் மேல்வரியை வாசிக்கும். ஒரு சொல் பின்னால் போனால் அந்தச் சொல்லை வாசிக்கும். தான் எழுதியதைத் தானே கேட்டுத் திருத்த, பதினேழு வருடங்களுக்குப் பிறகு அவளால் முடிந்தது.

பெட்டிக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும், அதுவும் மூக்கால் பேசும் அமெரிக்க ஆங்கிலம். தமிழை ரோமன் எழுத்தில் அடித்தால் அதைக் கொலை செய்யும். "அம்மா" என்றால் "ஏமா" என்னும். பழகிய பிறகு அவளுக்கு அதுவும் புரிந்தது. சங்கத்தின் மாதச் செய்தி மலரை மலாயிலும் ஆங்கிலத்திலும் தயாரிக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியில், தம்பி வீட்டு ஹாலில், மாலையானால் அந்த மூக்குக் குரல் கேட்கத் தொடங்கிவிடும்.

தம்பி திருநாவுக்கரசுக்குப் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னிஷியன் வேலை. எல்லாரும் அரசு என்று கூப்பிடுவார்கள். அவனுடைய மனைவி சந்திரிகா. அப்பா அம்மா போன பிறகு வடிவம்மாள் இவர்களோடுதான் இருந்தாள். சந்திரிகா அவளுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. சாப்பாடு வேளைக்கு வரும், துணி மடித்த இடத்தில் இருக்கும், நாற்காலியை யாரும் இடம் மாற்ற மாட்டார்கள். ஆனால் இருவருக்கும் பேச்சு என்று பெரிதாக எதுவும் இல்லை. "அக்கா, சாப்பிட வாங்க", "சரி சந்திரிகா", அவ்வளவுதான். வடிவம்மாள் கணினி முன் உட்கார்ந்தால் சந்திரிகா சமையலறைக்குள் போய் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைப்பாள். "உங்க வெள்ளைக்காரன் இன்னிக்கு ரொம்பப் பேசுறான்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அது கிண்டலா எரிச்சலா என்று வடிவம்மாளால் அன்றைக்குக் கணிக்க முடியவில்லை. மருத்துவமனையில் அந்நியர் குரலையெல்லாம் படித்துவிடும் அவளுக்கு, வீட்டுக்குள் இருந்த இந்தக் குரல் மட்டும் பிடிபடாமலே இருந்தது.

1996 தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. அன்று வடிவம்மாளுக்குப் பகல் வேலை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அரசு வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நேரா வந்து ஒக்காருங்க. தீபாவளிக்கு உங்களுக்கு ஒண்ணு செஞ்சிருக்கேன்."

கணினியின் முன்னால் உட்கார வைத்தான். கை வைத்துப் பார்த்தாள். விசைப்பலகை புதிது, விசைகள் மெத்தென்று அமுங்கின. பக்கத்தில் எலி போல வழவழப்பாக ஏதோ ஒன்று, வாலும் இருந்தது.

"பழைய போர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாத்தையும் தூக்கிட்டேன். கொம்தார்ல ஒரு கூட்டாளி கடை வச்சிருக்கான், அவன்கிட்ட புதுசு போட்டேன். விண்டோஸ் 95. ஃபேக்டரில எல்லாரும் இப்ப இதுதான்லா. உங்க எழுத்து ஒண்ணும் போகல, எல்லாத்தையும் மாத்தி வச்சிருக்கேன். பேசுற பெட்டியையும் மாட்டிட்டேன். இனிமே எல்லாம் லேசு."

விசையைத் தட்டினான். கணினி உறுமியது. பெட்டி வழக்கம்போல் தொண்டையைச் செருமி, தன் பெயரைச் சொல்லி, இரண்டு மூன்று வரிகளை வாசித்தது. வடிவம்மாளின் முகம் மலர்ந்தது. அடுத்து என்ன சொல்லப்போகிறது என்று காதைக் கொடுத்தாள். பெட்டி ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு நின்றது.

அவள் காத்திருந்தாள். கீழ் அம்புக்குறியை அழுத்தினாள். மேல் அம்புக்குறியை அழுத்தினாள். ஒன்றுமில்லை.

"படம் வந்துருச்சேக்கா" என்றான் அரசு. "மேகம் எல்லாம் வந்து, இப்ப பச்சையா திரை வந்துருச்சு. எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"குரல் எங்கே?"

அவனுக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. பெட்டிக்கு எழுத்தை வாசிக்கத்தான் தெரியும். இப்போது திரையில் இருப்பது எழுத்தே இல்லை, எழுத்துப் போலத் தெரியும் படம். கண்ணுள்ளவனுக்கு இரண்டும் ஒன்று. அந்தப் பெட்டிக்கு இரண்டாவது வெறும் சுவர். அவன் வயரைப் பிடுங்கி மாட்டினான். பெட்டியைத் தட்டினான். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தான். அதே இடத்தில் அதே பாதிச் சொல்லோடு குரல் நின்றது.

வடிவம்மாள் கோபப்படவில்லை. "பரவால்ல தம்பி, ஆசையாத்தானே செஞ்ச" என்று சொல்லிவிட்டு எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திய பிறகு, ஹாலில் சந்திரிகாவின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல், ஆனால் நடுங்கியது.

"அக்காவக் கேட்டீங்களா? செய்யறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதானே..."

"நாளைக்கு என் அடுப்படிய நீங்க மாத்தி வைங்க, சர்ப்ரைஸா. எது எங்க இருக்குன்னு தெரியாம நான் நிக்கறேன். அவங்க வாயே அதுலதான் இருக்கு. அத அடச்சிட்டு வந்து நிக்கிறீங்க."

கட்டிலில் உட்கார்ந்திருந்த வடிவம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்தது. அது கணினிக்காக வந்ததில்லை.

அரசு அந்தத் தீபாவளி விடுமுறை முழுக்கப் பலகாரத்தைக்கூடத் தொடாமல் அதோடு மல்லுக்கட்டினான். கடைசியில் வழி கிடைத்தது. கணினி முதல் 'பீப்' ஒலி கொடுத்ததும் ஒரு குறிப்பிட்ட விசையை அழுத்தினால், படத்துக்குப் போகாமல் பழையபடி எழுத்துத் திரையிலேயே நின்றுவிடும். பீப் கேட்டதும் விரல் தயாராக இருக்க வேண்டும், கொஞ்சம் பிந்தினால் படம் வந்துவிடும். வடிவம்மாள் ஒரே மாலையில் அதைப் பழகிக்கொண்டாள். குரல் திரும்பியது. மாத மலர் இரண்டு நாள் தாமதமாக வந்தது. அரசு மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக ஒரு வாரம் அவளுக்காகத் தினமும் பாசார் சந்தையில் வெள்ளை அப்பம் வாங்கிவந்தான்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். அவளுக்குப் பழையது, மற்றவர்களுக்குப் புதியது என்று ஒரே கணினியில் இரண்டு குடித்தனம் நடந்திருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு ஜனவரியில், இணைப்பகத்தில் அவளோடு வேலை செய்த ரோஹானா, சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மலாயில் மெல்லச் சொன்னாள்: ஆண்டு நடுவில் பலகையை எடுக்கப்போகிறார்கள். இனி எல்லாம் கணினித் திரையில்தான். அழைப்பு வந்தால் திரையில் தெரியும், 'மவுஸ்' என்ற அந்த எலியால் தொட்டு அனுப்ப வேண்டும். "உன்னிடம் யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டாள்.

யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலும்.

அன்று மாலை பஸ்ஸில் வரும்போது வடிவம்மாள் தீர யோசித்தாள். வீட்டில் பழையதையே வைத்துக்கொள்ளலாம், அதைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் உலகம் முழுவதும் படத்துக்கு மாறிக்கொண்டிருக்கும்போது, ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் நிற்க முடியும்? வேலை போனால் என்ன ஆகும் என்பதைவிட, புதியது தன்னால் முடியுமா முடியாதா என்று தெரியாமலே விலக்கப்படுவதுதான் அவளை அரித்தது. முடியாது என்றால் அதைத் தானே தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சங்கத்தில் விசாரித்தாள். விண்டோஸையும் வாசிக்கும் மென்பொருள் வெளிநாட்டில் வந்துவிட்டதாம். முழுதாக வாங்குவது எட்டாத காரியம். ஆனால் வெள்ளோட்டத்துக்கான வட்டு இருந்தது. நாற்பது நிமிடம் பேசும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். கணினியை அணைத்து மறுபடி போட்டால் இன்னொரு நாற்பது நிமிடம். அதை வாங்கிவந்தாள்.

சிக்கல் என்னவென்றால், அந்த மென்பொருள் சொல்வது அவளுக்கு விளங்கவில்லை. "பட்டன்" என்றது. எங்கே இருக்கும் பட்டன்? "விண்டோ" என்றது. எதன் மேல் எது? பழைய திரை ஒரு தாள் மாதிரி, மேலிருந்து கீழே வரிகள். இதுவோ பாசாரில் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் கூப்பிடுவது மாதிரி இருந்தது. அரசுக்கு ஷிப்ட் மாறி மாறி வந்தது, அவனால் உட்கார முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மூன்றாவது முறையாகக் குரல் நின்றபோது, வடிவம்மாள் சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"சந்திரிகா, கொஞ்சம் வந்து இதுல என்ன தெரியுதுன்னு சொல்றியா?"

பாத்திரச் சத்தம் நின்றது. "எனக்கு இதெல்லாம் தெரியாதேக்கா. தொட்டாக் கெட்டுப்போயிரும்னு பயம்."

"தொட வேணாம். பாத்துச் சொன்னாப் போதும்."

சந்திரிகா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் இரண்டு பேருக்கும் பாடுதான்.

"கீழ ஒரு பட்டை இருக்குக்கா. அதுல இடது பக்கம் 'ஸ்டார்ட்'னு ஒரு பெட்டி."

"கீழன்னா, ஆகக் கீழயா?"

"ஆகக் கீழ. சேலைக் கரை மாதிரி, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும்."

"இப்ப நான் ஒரு விசையைத் தட்டறேன். என்ன ஆச்சு?"

"அந்தப் பெட்டி மேலேருந்து ஒரு லிஸ்ட் ஏறுது. ஏணி மாதிரி. அதுல ஒண்ணு மட்டும் நீலமா இருக்கு... நீங்க அழுத்த அழுத்த நீலம் மேல போகுது."

வடிவம்மாளின் விரல் நின்றது. "இரு. அந்த நீலம் இருக்கிற எடத்தைத்தான் குரல் வாசிக்குது. மத்ததெல்லாம் அங்கயே இருக்கு, ஆனா நான் நிக்கிற எடம் நீலம். சரியா?"

"ஆமாங்க்கா. அப்படித்தான்."

அன்றைக்கு அவளுக்கு அந்தத் திரை முதன்முதலாக ஒரு இடமாக ஆயிற்று. அதன் பிறகு ஞாயிறுதோறும் இருவரும் உட்கார்ந்தார்கள். எலியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, விசைகளாலேயே எல்லா இடத்துக்கும் போக வழி கண்டுபிடித்தார்கள். நாற்பது நிமிடம் முடிந்து குரல் அடங்கும்போது, சந்திரிகா தேநீர் போட எழுவாள். கணினி மறுபடி உயிர்பெறும்வரை பேசுவார்கள். ஏழெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து பேசாததை அந்த இடைவெளிகளில் பேசினார்கள். சந்திரிகா பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் நல்லபடியாகத் தேறியவள், வேலைக்குப் போக ஆசைப்பட்டவள், கல்யாணத்தோடு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று என்பது வடிவம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் வடிவம்மாள் ஒருநாள். "என் பெட்டி பேசினா ரேடியோவக் கூட்டி வைப்பியே. எரிச்சலா?"

சந்திரிகா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "பொறாமைக்கா" என்றாள். "நீங்க இங்கிலீஷ்ல எழுதுவீங்க, அது வாசிக்கும், நீங்க சிரிச்சுக்குவீங்க. கண்ணு தெரியிற நான் உள்ள வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருப்பேன்."

வடிவம்மாள் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினாள். "உன் பேரை அடி பாப்போம்" என்றாள்.

சந்திரிகா ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். குரல் அதை "சேண்ட்ரிக்கே" என்று வாசித்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாமி எட்டிப்பார்த்தார்.

ஜூலையில் மருத்துவமனைக்குப் புதிய இணைப்புக் கணினி வந்தது. விண்டோஸில் ஓடியது. வடிவம்மாள் அதிகாரியிடம் அனுமதி கேட்டு, வெள்ளோட்ட வட்டை அதில் போட்டாள். ஆறு மாதப் பயிற்சி விரலில் இருந்தது. 'ஸ்டார்ட்' பட்டன், ஏணி, நீலம், எல்லாவற்றையும் குரல் சொன்னது. இணைப்பு மென்பொருளைத் திறந்தாள்.

"கிராஃபிக்" என்றது குரல். அடுத்ததற்குப் போனாள். "கிராஃபிக்." அடுத்தது. "கிராஃபிக்."

நாற்பது நிமிடமும் அதையே சொன்னது. ரோஹானா பக்கத்திலிருந்து விவரித்தாள். ஒவ்வொரு தடமும் ஒரு குட்டித் தொலைபேசிப் படம், பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் பேச்சு. எதற்கும் பெயர் இல்லை. குரல் நின்றதும் வடிவம்மாள் வட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இருபது வருடமாக இருந்த நாற்காலி. எழுந்திருக்கும்போது அதன் கைப்பிடியை ஒரு முறை தடவினாள்.

அதிகாரி நல்ல மனிதர்தான். வேண்டுமானால் நல்லபடியாக முன்கூட்டியே ஓய்வு பெறலாம், அல்லது வேலை அதிகமில்லாத ஓர் இடத்தில் உட்காரலாம் என்றார். வடிவம்மாள் ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் போய், மருத்துவர்களைப் பார்க்க நாள் குறிக்கும் அழைப்புகளைத் தன்னிடம் தரச் சொன்னாள். அந்த வேலையில் குரல்தான் முக்கியம். கிடங்கில் தூக்கிப்போட வைத்திருக்கும் பழைய எழுத்துத்திரைக் கணினிகளில் ஒன்றைத் தந்தால் போதும், பேசும் பெட்டியைத் தானே தினமும் பையில் கொண்டுவந்து கொண்டுபோவதாகச் சொன்னாள். அவர் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். நோயாளிகள் அவளிடம் பேசப் பிடித்திருக்கிறது என்றார்கள். அது பலகையில் இருந்த வேலைக்கு ஈடில்லை என்று அவளுக்குத் தெரியும். நகரம் முழுவதும் தன் விரல்களின் வழியாகப் போய்வந்த அந்த உணர்வு அவளுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது சந்திரிகாவுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "ஆறு மாசம் ஒக்காந்தமேக்கா. எல்லாம் வீணா?"

"வீணில்லலா" என்றாள் வடிவம்மாள். "புதுசு கெட்டதுன்னு இல்ல சந்திரிகா. இந்த மென்பொருளச் செஞ்சவங்க, கண்ணு இல்லாத ஒருத்தி வந்து ஒக்காருவான்னு நெனச்சிருக்க மாட்டாங்க. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பேரு எழுதியிருந்தாப் போதும், குரல் வாசிச்சிருக்கும். யோசிச்சுப் பாத்தா, பழைய டாஸையும் யாரும் எனக்காகச் செய்யல. அது எழுத்தா இருந்துச்சு, ஏதோ என் அதிர்ஷ்டம், நான் உள்ள நொழஞ்சிட்டேன். அதப் போயி எனக்கே எனக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அந்த ஆறு மாதம் யாருக்குப் பலித்தது என்றால், சந்திரிகாவுக்கு. கடிதம் அடிக்கவும் அட்டவணை போடவும் அவளுக்கு நன்றாக வந்துவிட்டது. மறு ஆண்டு, பொருளாதாரம் சரிந்து அரசுவின் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றபோது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போனாள். நேர்காணலில், எலியைத் தொடாமல் விசையிலேயே எல்லாவற்றையும் செய்ததைப் பார்த்து, எங்கே படித்தாய் என்று கேட்டார்களாம். "வீட்டில" என்றாளாம். அதற்குப் பிறகு காலையில் இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். வடிவம்மாள் அவள் தோளில் கை வைத்துக்கொள்வாள். யாருடைய மேலாளர் மோசம் என்று ஜெலுத்தோங்கிலிருந்து வழிநெடுக விவாதம் நடக்கும்.

1999இல் சங்கத்துக்கு நன்கொடை வந்து, விண்டோஸை வாசிக்கும் முழு மென்பொருள் வடிவம்மாளுக்கும் ஒன்று கிடைத்தது. நேரக் கட்டுப்பாடு இல்லை. குரலும் முன்னைவிட நயமாக இருந்தது. அரசு அதைக் கணினியில் ஏற்றினான். ஆனால் பழைய எழுத்துத்திரை வழியை அவன் தொடவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை, எதையாவது எடுத்தாக வேண்டும் என்று வந்தபோது, ஹாலில் வந்து நின்றுகொண்டு கேட்டான்.

"அக்கா, பழசை எடுக்கவா, வேணாமா? நீங்க சொல்லுங்க. நான் ஒண்ணும் செய்யல."

"இப்ப வேணாம்" என்றாள். "ரெண்டும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

சில மாதங்கள் இருந்தன. ஆயிஷாவுக்கு மின்னஞ்சல் அனுப்பப் புதியதற்குப் போனாள். மாத மலருக்கு முதலில் பழையதற்கே போனாள். பிறகு ஒருநாள் அதையும் புதியதிலேயே எழுதிப் பார்த்தாள். மெதுவாகத்தான் வந்தது. இரண்டு இடத்தில் தொலைந்துபோய், சந்திரிகாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அடுத்த மாதம் ஒரு இடத்தில்தான் தொலைந்தாள். பீப் ஒலி கேட்டதும் விசையை அழுத்தும் விரல், கேட்டும் அழுத்தாமல் சும்மா இருக்கப் பழகியது.

நவம்பரில் ஒரு மாலை, அரசு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "தம்பி, பழச எடுத்துரு" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமா. என் எழுத்து எல்லாத்தையும் இந்தப் பக்கம் மாத்திட்டேன். நானே செஞ்சேன்."

அவன் அழித்துக்கொண்டிருக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வருத்தமாக இருக்கிறதா என்று சந்திரிகா கேட்டாள். வடிவம்மாள் சற்று யோசித்தாள். இருக்கிறது, ஆனால் தாங்கக்கூடிய அளவுதான் என்றாள். பிறகு, நாளைக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டும், மழை வரும்போல் காற்று அடிக்கிறது, குடையை மறக்காமல் எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.